வின்கோவின் வலது முழங்கால்

என் தங்கை புருஷன் வின்கோவைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் அவனுடைய வலது முழங்காலைத்தான் சொல்வார்கள். கோடையில் புல் அறுக்கப் போகிறவர்கள் மழையைப் பற்றியும், டிசம்பரில் விறகு இறக்கப் போகிறவர்கள் பனியைப் பற்றியும் அதனிடம்தான் கேட்பார்கள். "என்ன வின்கோ, கால் என்ன சொல்லுது?" என்றால் அவன் காலை ஒருமுறை நீட்டி மடக்கிக் கண்ணை மூடி, "வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல" என்பான். ஆரம்பத்தில் பத்துக்கு மூன்றுதான் பலித்தது. கடைசி ஏழெட்டு வருஷத்தில் பத்துக்கு ஏழு. வானொலியே நாலைத் தாண்டாது. வயது ஏற ஏறக் கால் தேறிவருகிறது என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

அந்த முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. அது எனக்குத் தெரியவே இருபத்தோரு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காத்திருப்பு எதற்கு, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒருவனைக் குடிகாரன் என்றால் சிரித்துக்கொள்வான். கஞ்சன் என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான். பனியில் சறுக்கத் தெரியாதவன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, இரண்டு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை நின்றுவிடும். மலைமேல் வீடுகளில் சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசப் பாதிரியாரே காலில் பலகை கட்டிச் சறுக்கித்தான் போவார். ஒருமுறை கிழவர் ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, "இடது பக்கம் திரும்புறப்ப ஃபாதர் தோளைத் தொங்கப் போடுறாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அப்படிப்பட்ட ஊருக்குப் பட்டாளம் முடித்து இருபது வயதில் தச்சு வேலைக்கு வந்தவன் வின்கோ. வளர்ந்தது கடற்கரை உப்பளத்தில். பனியை அவன் பார்த்ததே அந்த வருஷம்தான். இங்கே மூன்று வயதுக் குழந்தைகள் கால் நடுவே நுழைந்து சறுக்கிப் போகும்போது இருபது வயதுக்காரன் எங்கே போய், யாரிடம் கற்றுக்கொள்வான்? அதற்குள் என் தங்கை ரெஸ்காவைப் பார்த்துவிட்டான். அவள் அப்போது பள்ளத்தாக்கின் பெண்கள் போட்டியில் மூன்று வருஷமாக முதல். முதல் ஞாயிற்றுக்கிழமையே, "உச்சிக்குப் போலாம், வர்றியா?" என்று கேட்டுவிட்டாள். பயல், "பட்டாளத்துல முழங்கால் போச்சு" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டான். "எந்தக் காலு?" என்றாள் அவள். "வலது" என்றான். அந்தப் பொய்யையும் சேர்த்தே அவளைக் கட்டிக்கொண்டான்.

ரெஸ்கா லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் மேய்ச்சல் மேட்டில் ஏறி வலிக்குப் போடும் ஆர்னிகா பூப் பறித்து, பழச் சாராயத்தில் ஊறப் போட்டு, சனிக்கிழமை தவறாமல் அவன் முழங்காலில் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். இருபத்தோரு வருஷம். அந்தச் சாராயத்தைக் குடித்திருந்தாலாவது யாருக்காவது பிரயோஜனம் இருந்திருக்கும்.

நானும் வின்கோவும் ஒரே சறுக்குப் பலகைத் தொழிற்சாலையில் வேலை. நான் இரும்பு விளிம்பு சாணை பிடிப்பவன். அவன் வடிவமைப்பு மேஜைக்குத் தலைவன். சறுக்கத் தெரியாதவன் சறுக்குப் பலகை வடிவமைப்பதா என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி கேட்க எங்களுக்கு விஷயமே தெரியாதே! பலகையின் மேல் விரலை ஓட்டினாலே எந்த இடத்தில் மயிரிழை தடிமன் கூடுதல் என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கை.

அந்தக் கைதான் வினையை இழுத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை அவன் அச்சிலிருந்து எடுத்து வந்த பலகையைப் பார்த்து ஆலையே சிரித்தது. முன்னால் அகலம், பின்னால் அகலம், நடுவில் இடுப்பு. நீளமோ அவன் மோவாய் வரைக்கும்தான். எங்கள் ஊரில் தூக்கிய கை விரலுக்கு எட்டாத பலகையை ஆண்பிள்ளைகள் தொடமாட்டோம்.

பத்து மணிச் சாப்பாட்டில் காஷ்பருக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. காஷ்பர் பழைய பந்தய வீரன், ஆலையின் புதுப் பலகைகளையெல்லாம் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பவன்.

"என்னடா வின்கோ, இதுக்குப் பாவாடை தைக்கணுமா, அப்படியேவா?"

"சிரிச்சு முடிச்சுட்டு இதப் பாரு" என்றான் வின்கோ. தேநீர் குடித்த கண்ணாடி டம்ளரை மேஜையில் படுக்க வைத்து லேசாகத் தள்ளினான். வாய் அகலம், அடி குறுகல். அது தானாக வளைந்து ஓடி, ஒரு வட்டம் போட்டு, அவன் தட்டிலிருந்த புளித்த முட்டைக்கோஸ் பக்கமே திரும்பி வந்தது.

"யாராவது திருப்பினோமா? வடிவம் திருப்புது. இந்தப் பலகையும் அப்படித்தான். லேசா ஒரு பக்கமா சாஞ்சா போதும். விளிம்பு பனியைக் கடிச்சு, பலகை வில்லா வளைஞ்சு, தானாத் திரும்பும். எம்பவேண்டாம், உதறவேண்டாம், இடுப்ப ஒடிக்கவேண்டாம். புதுசா சறுக்குறவன் பயப்படாம திரும்பலாம், வேகத்தையும் அடக்கலாம்."

"புதுசா சறுக்குறவனா? அது யாரு?" என்றான் காஷ்பர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

காஷ்பர் ஓட்டிப் பார்த்தான். 'நன்றாகத் திரும்புகிறது. பழைய பலகையும் நன்றாகத்தான் திரும்புகிறது. வித்தியாசம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். அவன் காலில் வேலிப் பலகையைக் கட்டிவிட்டாலும் அது நன்றாகத் திரும்பும். மற்ற நான்கு பேரும் அதையே எழுதினார்கள். சறுக்கத் தெரியாதவன் ஒருவன் ஓட்டிப் பார்த்தால் ஒழிய இந்தப் பலகையின் அருமை யாருக்கும் தெரியப்போவதில்லை.

அது யூகோஸ்லாவியா இருந்த காலம். ஆலையில் எது நடந்தாலும் தொழிலாளர் மன்றம் கை தூக்கி முடிவு செய்யவேண்டும். மன்றத் தலைவி ஆலைச் சமையல்காரி ஃபானி. அவள் விளம்பரப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள்: 'திறமை குறைந்த சறுக்காளர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடவும்.' இரண்டு வாரம் தொங்கியது. ஒரே ஒரு பெயர்தான் வந்தது. யாரோ ஒரு விஷமக்காரன் பென்சிலில் டைரக்டர் பெயரை எழுதியிருந்தான். மறுநாள் டைரக்டர் காரை வீட்டில் விட்டுவிட்டு, கோட்டும் டையுமாக மலையிலிருந்து சறுக்கியே ஆபீசுக்கு வந்து இறங்கினார்.

மன்றம் கூடியது. "நம்ம பள்ளத்தாக்குல திறமை குறைஞ்சவங்க யாருமே இல்லேன்னு எழுதிக்கலாமா?" என்று ஃபானி கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. வின்கோவின் கையும் உயர்ந்தது. ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப வெளியிலேருந்துதான் வரவழைக்கணும்" என்றாள் ஃபானி, ஏதோ வாழைப்பழம் வரவழைக்கிற மாதிரி. மூரா ஆற்றுக்கு அப்பால், நாரைகள் கூடு கட்டும் சமவெளியில், பூசணி விதை எண்ணெய் ஆலை ஒன்றுக்குக் கடிதம் போயிற்று: 'தோழமை வணக்கம். சறுக்கவே தெரியாத தோழர் ஒருவரை அனுப்பி உதவவும்.'

கேசா என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷன். ஐந்து லிட்டர் எண்ணெயும், கசகசா வைத்த கேக்கும் கொண்டுவந்தார். முதலில் அவர் காலில் பழைய நீளப் பலகையைக் கட்டினோம். எப்படி விழுகிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு புதுசைக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. மனுஷன் மேலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு எட்டுத் திருப்பம் திரும்பி வந்து ஃபானி எதிரில் நின்றார்.

வின்கோ முகத்தில் ஈயாடவில்லை. "தோழர், உங்களுக்குச் சறுக்கத் தெரியாதுன்னுதானே எழுதியிருந்துச்சு?"

கேசா தொப்பியைக் கழற்றிவிட்டார். "தெரியாதுதான் தோழர். கடுதாசி வந்ததும் எங்க மன்றமும் கூடிச்சு. நம்ம சமவெளி மானம் கப்பலேறிடக் கூடாதுன்னு மூணு வாரம் சம்பளத்தோட லீவு குடுத்து, ஆஸ்திரியாவுல வாத்தியார் வச்சுக் கத்துக் குடுத்துட்டாங்க. நல்லா சறுக்கினேனா?"

"ரொம்ப நல்லா" என்றான் வின்கோ. பாவம், அழாத குறை.

அன்றைக்கே ஃபானி கறாராகச் சொல்லிவிட்டாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை ஊர் முன்னால கடைசிச் சோதனை. வித்தியாசம் தெரியலேன்னா அச்சை ஒடச்சு பழைய இரும்புல போட்டுருவோம்."

மறுநாள் மரம் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டான் வின்கோ.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது."

"அத நீ சொல்றதப் பொறுத்துத்தான் மாப்ள."

சொன்னான். உப்பளத்திலிருந்து ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போயிருக்கும்போது மர அறுவை ஆலைக்குப் பின்னால் தனியாகச் சறுக்கிப் பார்த்து, பத்தொன்பது வருஷம் விழுந்து எழுந்திருக்கிறான். எந்தக் கணத்தில் பயம் வருகிறது, எப்போது உடம்பு பின்னால் சாய்கிறது, எப்போது பலகை கைவிடுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறான். அந்தப் புத்தகத்திலிருந்து பிறந்ததுதான் இடுப்பு வைத்த பலகை.

எனக்குக் கை பரபரத்தது. பலகையைப் பற்றியா யோசித்தேன்? மேய்ச்சல் மேட்டில் குனிந்து குனிந்து பூப் பறிக்கிற என் தங்கையைப் பற்றி யோசித்தேன்.

"ஏன்டா, ஒரு தடவையாவது அவகிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"மொத வருஷம் வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் பயமா இருந்துச்சு. அப்புறம் அவ தேய்க்கத் தேய்க்க எனக்கே அங்க லேசா வலிக்கிற மாதிரி ஆயிடுச்சு மச்சான்."

"இப்ப என்ன பண்ணப்போற?"

"சொன்னா ரெஸ்கா போயிடுவா. சொல்லலேன்னா பலகை போயிடும்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "என்னை மாதிரி எத்தன பேர் இருப்பாங்க மச்சான், வெளிய சொல்ல முடியாம?"

"ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்றேன் நான் கோபத்தில். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். செங்குத்தான இடங்களில் வார் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொள்கிற ஆள்தானே நான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க மலையடிவாரத்தில் இருந்தது. ஃபானி ஒரு அண்டா நிறைய ரம் ஊற்றிய தேநீரும், வேகவைத்த தொத்திறைச்சியும் வைத்திருந்தாள். ரெஸ்கா நேரம் பார்க்கிற கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முடிவுக் கோட்டருகில் நின்றாள். ஏழு வருஷமாக அவள் போட்டியில் இறங்குவதில்லை, இளசுகளுக்கு வழிவிடுகிறேன் என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டுவிட்டாள். யார் சறுக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"தோழர்களே. நான் வின்கோ பேசுறேன். எனக்குச் சறுக்கத் தெரியாது."

மலையே சிரித்தது. காஷ்பர் தேநீரைத் துப்பிவிட்டான்.

வின்கோ புதுப் பலகையில் இறங்கினான். கை இரண்டையும் கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி விரித்து வைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் இடது பக்கம் சாய்ந்தான், பலகை வளைந்தது. வலது பக்கம் சாய்ந்தான், வளைந்தது. நாலு திருப்பம், வேகம் ஒரே சீர். தேநீர் அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஃபானி மட்டும் தலையாட்டினாள். "இது செல்லாது தோழர். நல்லாத்தானே சறுக்குறீங்க?"

"பலகை சறுக்குது ஃபானி! எனக்குத் தெரியாது!"

"யார் காதுல பூ சுத்துற? நாலு திருப்பம் நான் எண்ணினேன்" என்றான் காஷ்பர். "சறுக்கத் தெரியாதவன்னு நிரூபி பாப்போம்."

நிரூபிக்கவேண்டியதாயிற்று. பழைய நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு மறுபடி மேலே போனான். இந்தத் தடவை திருப்பமே இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோடு. வழியில் 'தள்ளு, தள்ளு' என்று கத்தினான், அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஃபானி ஓடினாள். பயல் நேராகப் போய் அடிவாரத்து விவசாயி லோய்ஸ் வைக்கோல் காயப்போடும் மரச் சட்டப் பரணுக்குள் புகுந்தான். இரண்டு பலகையும் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. தலைகீழாகத் தொங்கினான்.

"நடிக்கிறான்!" என்று காஷ்பர் கத்தினான். "பழக்கம் இல்லாம எவனாலும் இவ்வளவு மோசமா விழ முடியாது!" பலர் ஆமாம் என்றார்கள். ஃபானி பேனாவை மூடப் பார்த்தாள்.

அப்போதுதான் ரெஸ்கா பனியில் மெல்ல நடந்து பரணருகே வந்தாள். தொங்குகிற புருஷன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"எந்தக் கால்ல அடி?"

"அடி இல்ல."

"வலது முழங்கால் என்ன ஆச்சு?"

வின்கோ தலைகீழாகவே கண்ணை மூடிக்கொண்டான். "அது நல்லாத்தான் இருக்கு ரெஸ்கா. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. பட்டாளத்துல நான் கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன்."

ரெஸ்கா நிமிர்ந்தாள். "எழுதிக்கோ ஃபானி" என்றாள். குரல் ஆடவேயில்லை. "இந்த ஆளுக்குச் சறுக்கத் தெரியாது. இவன் பொண்டாட்டி நான் சொல்றேன்." கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, சறுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். கோபத்தில் நடக்கிறாள் என்று நினைத்தேன்.

பலகைத் தீர்மானம் நிறைவேறியது, நூற்றுப் பதினொரு கைகளோடு. நூற்றுப் பன்னிரண்டாவது கை இன்னும் பரணில் மாட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வின்கோவின் மேஜைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் மூராவுக்கு அப்பால் ஒரு சொந்தக்காரர் இருந்தார். "எங்க சித்தப்பா பையன், சமவெளிக்காரன், பாவம், ஒண்ணும் தெரியாது." பாதிரியாருக்குக்கூட அங்கே ஒரு ஒன்றுவிட்ட தம்பி முளைத்தார். காஷ்பர் கடைசியாக வந்தான்.

"என் மாமியாரோட தம்பிக்கு."

"உயரம்?" என்றான் வின்கோ.

"என் உயரம்தான்."

"காலளவு?"

"என் அளவுதான். எழுதேன்டா, என்ன பார்வை?"

நானும் ஒன்று வாங்கினேன். என் பெண்டாட்டியின் அத்தை மகனுக்கு.

வின்கோவுக்குத்தான் எதுவும் ருசிக்கவில்லை. ரெஸ்கா சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. சனிக்கிழமை வந்தால் அலமாரியில் ஆர்னிகா புட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. வழியில் யாராவது, "பனி விழுமா?" என்று கேட்டால், "தெரியாது, அது பொய்க் கால்" என்பான். "பொய்க் காலா இருந்தா என்னய்யா, பத்துக்கு ஏழு சொல்லுச்சே!" என்று அவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். சமாதானம் பேசலாம் என்று போனவன் வாய் திறக்க வழியில்லாமல் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தேன். ரெஸ்கா மாடியிலிருந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். ஆர்னிகா புட்டியை மேஜையில் டக்கென்று வைத்தாள். வின்கோவுக்கு எதிரில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி அவன் மடியில் போட்டு, கம்பளிக் காலுறையைச் சுருட்டி இறக்கினாள். முழங்கால் வீங்கி, பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி இருந்தது.

"என்னம்மா இது?" என்று நான்தான் கத்தினேன்.

"ஏழு வருஷமா இருக்கு" என்றாள்.

"ஏன் சொல்லல?" என்றான் வின்கோ.

"ஒரு வீட்ல எத்தன முழங்காலத்தான் கொண்டாடறது? உன்னோடதத் தேய்க்கறதுக்கே சனிக்கிழமை பத்தல." மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் குட்டப் பலகையில எனக்கும் ஒண்ணு செய்யி. எம்பித் திரும்ப முடியல இப்பல்லாம்."

வின்கோ அந்த முழங்காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான்.

"பனி வரும்னு நான் எப்படிச் சொல்லுவேன் தெரியுமா ரெஸ்கா?" என்றான். "காலைல நீ படி எறங்குறப்ப கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சா, ரெண்டு நாள்ல பனி. அத மட்டும் பாத்துக்கிட்டேன். நீ ஏன் பிடிக்கிறன்னு ஒரு நாளும் கேக்கல."

வின்கோ புட்டியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினான். மயிரிழைத் தடிமன் கண்டுபிடிக்கிற அந்தக் கையால், பலகையை இழைக்கிற மாதிரி அழுத்தித் தேய்க்கத் தொடங்கினான்.

"மெதுவா" என்றாள் ரெஸ்கா. "இது நிஜமாவே வலிக்கிற கால்."